இலாஞ்சனத்தில் ஓர் ஆமை, மாடித் தொட்டியில் ஓர் ஆமை

(அறக்கட்டளையின் மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோவில்பட்டியிலிருந்து மேற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கழுகுமலை. பாண்டியர் காலத்தில், எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில், அம்மலைப் பாறையில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்கள் இன்றும் வரிசை வரிசையாகக் காட்சியளிக்கின்றன. குரவர்களின் பெயர்களோடு குரத்தியரின் பெயர்களையும் தாங்கிய கல்வெட்டுகள் அங்கு உண்டு. யாத்திரை செல்லும் குடும்பங்கள் பார்சுவநாதர் திருவுருவத்தின் முன் சற்று நின்றே நகர்கின்றன. அவருக்குத் தரணேந்திரன் படம் விரித்துக் குடையாக நிற்கும் வரலாற்றைப் பாட்டிமார் பேரக் குழந்தைகளுக்குச் சொல்லும் இடமும் அதுவே.

அந்த வரலாற்றில் ஒரு நுட்பம் உண்டு. தவம் என்று எண்ணித் தீ வளர்த்தவன் கட்டையை எரித்தான். உயிரை எரிப்பதாக அவன் நினைக்கவில்லை. கட்டைக்குள் பாம்பு இணையொன்று வெந்துகொண்டிருப்பதை இளவரசர் பார்சுவர் அறிந்தார். கட்டையைப் பிளந்து காட்டினார். அந்தப் பாம்புகள் மேல் எரித்தவனுக்குப் பகைமை இருந்ததாகக் கதை கூறவில்லை. வெளியே மரமாகத் தெரிந்தது, உள்ளே உயிராக இருந்தது என்பதை அவன் அறியாதிருந்தான், அவ்வளவே. இன்றைய சொற்பொழிவின் பொருளும் அதை ஒட்டியதே. கல்லைப் போலத் தோன்றி, கல்லைப் போலவே நடத்தப்படும் ஓர் உயிரைப் பற்றியது இது.

சமண இல்லங்களின் குழந்தைகள் தீர்த்தங்கரர்களின் இலாஞ்சனங்களைக் காளை, யானை, குதிரை, குரங்கு என்று வரிசையாக ஒப்புவிப்பார்கள். இருபதாவதற்கு வரும்போது ஆமை. முனிசுவிரத தீர்த்தங்கரரின் பீடத்தில் பொறிக்கப்படுவது அதுவே. கருநிறத்தவர் என்று மரபு கூறும் அப்பெருமானுக்கு, மண்ணோடு மண்ணாக ஊர்ந்து செல்லும் ஓர் எளிய உயிர் அடையாளமாயிற்று. வள்ளுவரும் ஐம்புலன் அடக்கத்துக்கு ஆமையையே உவமையாக்கினார். இத்தனை பெருமையும் ஆமை என்னும் கருத்துக்குக் கிடைத்திருக்கிறது. ஆமை என்னும் உயிருக்குக் கிடைத்திருப்பது என்ன என்பதைக் காண, ஒரு வீட்டின் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும்.

எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒரு வீட்டை மனக்கண் முன் நிறுத்திக் கொள்ளலாம். தண்ணீரை வடிகட்டிக் குடிக்கும் வீடு அது. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் வீடு. கிழங்கு வகைகள் அடுக்களைக்குள் நுழையாத வீடு. ஆறேழு ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவர், குழந்தைக்கு விளையாட்டாக இருக்கட்டும் என்று, உள்ளங்கை அளவு ஆமையொன்றைக் கொண்டு வந்து கொடுத்தார். குழந்தை சில மாதம் அதோடு விளையாடிற்று. பிறகு பள்ளிக்கூடம், தேர்வு, தனிப்பயிற்சி. இப்போது அந்த ஆமை மாடியில், துணிக்கொடியின் அடியில், பழைய பிளாஸ்டிக் தொட்டியொன்றில் இருக்கிறது. காலையில் தயிர்சோறு ஒரு கை; விருந்து நாளில் வடைத் துண்டும் உண்டு. தொட்டியின் வழுவழுப்பான சுவரை அது நகத்தால் சுரண்டிக் கொண்டே இருக்கும். துணி உலர்த்த வரும் மருமகளுக்கு அந்த ஒலி பழகிப் போயிற்று. அந்த வீட்டில் எவரும் கொடியவர் அல்லர். தினமும் சோறு வைப்பதைத் தயை என்றே அவர்கள் மனமார நம்புகிறார்கள்.

அந்த ஆமையைக் கையில் எடுத்துப் பார்த்தால் வேறு செய்தி தெரியும். மேலோட்டின் தகடுகள் தாறுமாறாக மேடிட்டிருக்கும். (நட்சத்திர ஆமைக்கு இயல்பிலேயே ஓடு சற்றே மேடு மேடாகத்தான் இருக்கும், அந்த அளவை மீறிக் கோணலாக வளர்ந்திருப்பதே நோயின் அடையாளம்.) அலகு வளைந்து நீண்டிருக்கும், நகங்களும் அவ்வாறே. கண்ணிமைகள் வீங்கி மூடியிருக்கலாம். அடி ஓட்டை விரலால் அழுத்தினால் இலேசாக அமுங்கினாலும் வியப்பில்லை. இவை ஒரு நாளில் வந்த கேடுகள் அல்ல. ஆண்டுக் கணக்கில் சேர்ந்தவை. வெயிலின் புற ஊதாக் கதிர் மேலே படாவிட்டால் ஆமையின் உடலில் வைட்டமின் டி உண்டாகாது. அது இல்லாவிட்டால் உண்ணும் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் வெப்பம் தருமேயன்றி அந்தக் கதிரைத் தராது. வீங்கிய கண்கள் பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவின் விளைவு. சோறும் தயிரும் இவற்றில் எதையும் ஈடு செய்வதில்லை. பசும்புல், கீரை, இலை, சப்பாத்திக்கள்ளி மடல், உதிர்ந்த பூ, பழம் ஆகியவற்றை மேய்ந்து வாழப் பிறந்த உடல் அது. பாலைச் செரிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

ஓடு என்பது ஆமை உடுத்திய கவசம் என்றே பலரும் கருதுகின்றனர். அது ஆமையின் எலும்பு. விலாவும் முதுகெலும்பும் விரிந்து ஒன்றி மேலோடாகி இருக்கின்றன. அதன் மேல் மெல்லிய தகடுகள் போர்த்தியிருக்கின்றன. அடியில் குருதியும் நரம்பும் ஓடுகின்றன. தொட்டால் அதற்குத் தெரியும், துளைத்தால் வலிக்கும். ஓடிவிடாதிருக்க ஓட்டின் விளிம்பில் துளையிட்டுக் கயிறு கட்டுவதும், அழகுக்காக வண்ணம் பூசுவதும் பலருக்கும் குற்றமாகத் தோன்றுவதில்லை. சட்டையில் ஊசி குத்துவது போலத்தான் அவர்கள் நினைக்கிறார்கள்.

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தாரின் கொல்லா விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகைச்சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. உயிரைக் கொல்லாமலேயே விரதம் பழுதுபடும் வழிகள் இவை என்பதை ஊன்றி நோக்க வேண்டும். இவ்வைந்தும் வண்டி மாட்டையும் ஏர் மாட்டையும் மனத்தில் கொண்டு சொல்லப்பட்டவை என்றே பலரும் எண்ணி விடுகின்றனர். பூச்சியபாதர் தம் உரையில் ‘பந்தம்’ என்பதற்குத் தரும் விளக்கம் அவ்வளவு குறுகியதன்று. ஓர் உயிர் தான் விரும்பும் இடத்துக்குச் செல்வதைத் தடுப்பதே பந்தம் என்பது அவர் கருத்து. கயிறு வேண்டியதில்லை, வழுவழுப்பான ஒரு தொட்டிச் சுவர் போதும். (பூச்சியபாதரின் மாணாக்கராகிய வச்சிரநந்தியே மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவியவர் என்று தேவசேனரின் தரிசனசாரம் கூறுகிறது. அவர் உரை தமிழ்ச் சமணருக்கு அயலார் உரையன்று.) ஓட்டில் இட்ட துளை, சிதைத்தலில் அடங்கும். உணவைத் தடுத்தல் என்பதை எப்படிக் கொள்வது? தட்டில் சோறு நிறைந்திருக்க, அந்த உடலுக்கு உரிய உணவு ஒரு நாளும் கிடைக்கவில்லையென்றால் அது தடுத்தலா, அன்றா? இக்கேள்வியைப் பண்டிதர்கள் தீர்த்து வைக்கட்டும். ஆமையின் உடல் தன் விடையைச் சொல்லிவிட்டது.

ஆமையைப் பற்றி மக்களிடையே இரண்டு நம்பிக்கைகள் ஒன்றுக்கொன்று முரணாக உலவுகின்றன. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்பது பழமொழி. முயலாமை, இயலாமை, கல்லாமை என்னும் ஆமைகளையே அது குறிக்கிறது என்று மேடைகளில் நயம்படச் சொல்வார்கள். இன்னொருபுறம், வாஸ்து என்ற பெயரில், ஆமை இருந்தால் செல்வம் பெருகும் என்கிறார்கள். முதல் நம்பிக்கை ஆமையை வீட்டைவிட்டு விரட்டிற்று. ஆமைக்கு அது நன்மையாகவே முடிந்தது. இரண்டாவது நம்பிக்கையே அதைப் புதரிலிருந்து தொட்டிக்குக் கொண்டு வந்திருக்கிறது.

எந்த ஆமை என்பதை அறிவது முதற்கடமை. பழகாத கண்ணுக்கு எல்லா ஆமையும் ஒன்றே. தேவைகளிலோ அவை ஆட்டுக்கும் பூனைக்கும் உள்ள வேறுபாடு உடையவை.

கருப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நடுவிலிருந்து கதிர்களாக விரிந்திருந்தால் அது நட்சத்திர ஆமை. குசராத்து, இராசசுத்தான் பகுதிகளிலும், தென்னிந்தியாவின் வறண்ட முட்புதர்க் காடுகளிலும், இலங்கையிலும் வாழ்வது. காய்ந்த புல்லின் ஊடே வெயில் விழும்போது அந்தக் கோடுகளே அதை மறைத்து விடும். கோடையில் புதரடியில் முடங்கிக் கிடக்கும். மழை கண்டதும் உலவத் தொடங்கும். நீர் அரிதான நிலத்துக்கு ஏற்ற உடல் அது. அச்சுறுத்தித் தூக்கினால் உடலில் சேமித்த நீரைச் சிறுநீராக வெளியேற்றி விடும். பங்குனி, சித்திரை வெயிலில் கரிசல் வெடித்துக் கிடக்கையில், வேடிக்கைக்காகத் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்துவிட்டுப் போகும் ஒருவர், அந்த ஆமை பல நாள் தாங்குவதற்கு வைத்திருந்த நீரை அழித்துவிட்டுச் செல்கிறார். இந்த ஓட்டைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. எப்படிக் கவிழ்த்தாலும் தானே நிமிர்ந்து நிற்கும் ‘கோம்போட்ஸ்’ என்னும் வடிவத்தை ஹங்கேரி நாட்டு அறிஞர்கள் தோமோகோசும் வார்கோன்யியும் 2006 அளவில் உருவாக்கிக் காட்டினர். உயிரினங்களில் அவ்வடிவத்தை மிகவும் நெருங்கியிருப்பது இந்திய நட்சத்திர ஆமையின் ஓடு என்பதையும் அவர்கள் கண்டனர். புதர்க்காட்டில் கவிழ்ந்தால் எழுந்து கொள்ளும் அந்த ஆமை, தொட்டியின் மூலையில் கவிழ்ந்தால் சுவரில் சிக்கி, வெயிலில் அப்படியே கிடக்கும்.

இரண்டாவது, கண்மாய்களிலும் குளங்களிலும் வாழும் மடல் ஆமை. மென்மையான தோல் போர்த்திய ஓடு. பின்னங்கால்களை உள்ளிழுத்ததும் அடியோட்டின் மடல்கள் கதவுபோல் மூடிக்கொள்ளும். அமெரிக்காவில் ‘பெட்டி ஆமை’ என்று ஓர் இனத்தை வீட்டில் வளர்க்கிறார்கள். அடியோட்டில் கீல் உடையது. தலை, கால், வால் அனைத்தையும் உள்ளே இழுத்துப் பெட்டியைப் போல முழுவதும் மூடிக்கொள்ளும். நம் நாட்டின் வடகிழக்கு மாநிலங்களிலும் நிக்கோபார் தீவுகளிலும் ஆசியப் பெட்டி ஆமை உண்டு. கரிசல் நாட்டில் அவற்றுக்கு ஓரளவு நிகராகச் சொல்லத்தக்கது இந்த மடல் ஆமையே. கண்மாய் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழை வரை காத்திருக்கும். கண்மாய் தூர்வாரும்போதும் மண் எடுக்கும்போதும் வெளிப்படுவது பெரும்பாலும் இதுதான். செத்த ஆமை என்று எண்ணி வீசப்படுவதும் இதுதான்.

மூன்றாவது, வண்ணமீன் கடையில் விற்கப்படும் சிவப்புக் காது ஆமை. கண்ணுக்குப் பின்னே சிவப்புப் பட்டை தீட்டியது போல இருக்கும். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைத் தாயகமாகக் கொண்டது. வாங்கும்போது நாணயத்தைவிடச் சற்றே பெரியது. வளர்ந்தால் ஓரடி வரை நீளும். பல பத்தாண்டுகள் வாழும். சிறுவர்களுக்கு சால்மோனெல்லா நோய் பரவிய காரணத்தால், நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதற்கு அமெரிக்க அரசு 1975இலேயே தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இவ்வினத்தின் இறக்குமதியை நிறுத்தியது. பெரிதான பின் வளர்க்க இயலாமல் குளத்தில் கொண்டுபோய் விடுவோர் எங்கும் உள்ளனர். குளத்தில் விட்ட ஆமை அங்குள்ள தவளைக் குஞ்சுகளையும் மீன் குஞ்சுகளையும் தின்று, உள்நாட்டு ஆமைகளின் இடத்தையும் பிடித்துக் கொள்ளும். கேரளத்தில் பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம், இவ்வாமைகளை நீர்நிலைகளில் விடாமல் தம்மிடம் ஒப்படைக்குமாறு மக்களைக் கேட்டுக் கொண்டு திரட்டி வருகிறது.

சமண இல்லத்துக்கே உரிய சிக்கல் இந்த இடத்தில்தான் எழுகிறது. நட்சத்திர ஆமை பெரும்பாலும் தாவர உணவே கொள்வது. மடல் ஆமையும், இளமையில் சிவப்புக் காது ஆமையும், பெட்டி ஆமையும் அப்படியன்று. புழு, நத்தை, மீன் இவையும் அவற்றின் இயற்கை உணவு. அவற்றைச் சைவமாக வளர்த்துக் காட்டுகிறோம் என்பது பெருமைக்குரிய செய்தியன்று. அவ்வுயிரின் சிறுநீரகமும் கண்ணும் ஓடும் அந்தப் பெருமைக்கு விலை கொடுக்கின்றன. அதற்காக மீன் வாங்கி நறுக்கிப் போடுவதோ சமண அடுக்களையில் எண்ணிப் பார்க்கவும் இயலாதது. தில்லி செங்கோட்டைக்கு எதிரே, திகம்பரர் இலால் மந்திர் வளாகத்தில் உள்ள பறவை மருத்துவமனை இச்சிக்கலை நெடுங்காலமாக எதிர்கொண்டு வருவது. தானியம் தின்னும் பறவைகளை உள்ளே வைத்துப் பேணுகிறார்கள். பருந்து, கழுகு போன்றவை காயத்தோடு வந்தால் மருந்திட்டுக் கட்டி அனுப்பி விடுகிறார்கள். படுக்கையில் வைத்துக் கொள்வதில்லை. மருந்து தர மறுப்பதுமில்லை, ஊன் தருவதுமில்லை. இந்த ஏற்பாட்டைக் குறைகூறுவோரும் உண்டு. ஆயினும் தன்னால் நெறிப்படி பேண இயலாத உயிரைத் தன்னிடமே வைத்துக் கொண்டு வாட்டுவதில்லை என்ற தெளிவு அதில் இருக்கிறது. இத்தெளிவு மாடித் தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்கும் வேண்டும்.

சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் வைக்கப்பட்டுள்ளது. பிடித்தல், விற்றல், வாங்குதல் மட்டுமின்றி வைத்திருத்தலும் குற்றமே. தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறையும், இருபத்தையாயிரம் ரூபாய்க்குக் குறையாத தண்டமும் ஆகும். பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையும் 2019இல் இதனைத் தன் முதற் பிற்சேர்க்கைக்கு உயர்த்திற்று. இவ்வளவு கடுமை எதற்கு என்று கேட்போர் உளர். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்தின் வழியாக மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டதாக மதிப்பிட்டது. சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளுக்குள் அடுக்கப்பட்ட ஆமைகள் பிடிபடும் செய்தி ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகிறது. காலும் தலையும் வெளியே வராதபடி துணியில் சுற்றி, ஒட்டுநாடா ஒட்டி, நாட்கணக்கில் உணவும் நீருமின்றி அனுப்பப்படுபவை அவை. ஐந்து அதிசாரங்களும் ஒரே பெட்டிக்குள் கிடைக்கும்.

இங்கே நல்லுள்ளம் கொண்டோர் செய்யும் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். கூண்டுப் பறவையையும் தொட்டி ஆமையையும் விலை கொடுத்து வாங்கி விடுவிப்பது சீவதயை என்று கருதும் வழக்கம் உண்டு. தம் மணவிருந்துக்காகக் கட்டிவைக்கப்பட்ட விலங்குகளை விடுவித்துத் துறவு பூண்ட நேமிநாதரின் வரலாறு அதற்குத் தூண்டுதலாக இருக்கலாம். ஆனால் நேமிநாதர் அவ்விலங்குகளை எவரிடமிருந்தும் வாங்கவில்லை. எதற்காக அவை கட்டப்பட்டனவோ அந்த விருந்தையே இல்லாமற் செய்தார். கடைக்காரரிடம் ஆமையை வாங்குபவர் அதன் விலையைக் கொடுக்கிறார். அந்த விலை அடுத்த மழைக்காலத்தில் இன்னும் இரண்டு ஆமைகளைப் புதரிலிருந்து எடுக்கச் செய்யும். வாங்கிய ஆமையை எங்கே விடுகிறார்கள் என்பது அடுத்த துயரம். ஆமை என்றாலே நீர் என்று எண்ணி, நட்சத்திர ஆமையைக் கோயில் தெப்பக்குளத்திலோ கிணற்றிலோ கைகூப்பிக் கொண்டு விட்டுவிடுகிறார்கள். அது நிலத்து உயிர். ஆழ்நீரில் மூழ்கி இறந்து விடும். சட்டத்துக்கு அஞ்சி இரவோடிரவாகக் கண்மாயில் எறிந்துவிட்டு வருவோரும் இதே கொலையைச் செய்கின்றனர். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளின் வரிசையில் ஒழுக்கத்துக்கு முன்னே ஞானம் நிற்பதன் காரணத்தை அந்தக் கிணற்றடியில் கண்டுகொள்ளலாம்.

சரி, புதரிலேயே கொண்டுபோய் விட்டுவிடலாமே என்ற எண்ணம் எழும். குருமலைக் காடு பக்கத்தில்தானே இருக்கிறது என்பர். அதுவும் எளிதன்று. ஆண்டுக் கணக்கில் தொட்டியில் இருந்த ஆமைக்கு மேயத் தெரியாது. மூச்சுக்குழல் நோய் பற்றியிருந்தால் காட்டிலுள்ள ஆமைகளுக்கும் பரவும். வடமேற்கு நிலத்து ஆமையும் தென்னிலத்து ஆமையும் மரபில் வேறுபட்டவை; இங்கே எங்கிருந்தோ வந்ததைக் கலந்துவிடுவது இனத்துக்கே ஊறாகும்.

முறையாகச் செய்தால் எப்படியிருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிங்கப்பூரில் வீடுகளில் சட்டத்துக்குப் புறம்பாக வளர்க்கப்பட்டும் கைவிடப்பட்டும் கிடைத்த நட்சத்திர ஆமைகளை ‘ஏக்கர்ஸ்’ என்னும் விலங்கு நல அமைப்பு மீட்டுப் பேணி வந்தது. அடுக்குமாடி வீடுகளின் அறைக்குள் இருந்த உயிர்கள் அவை. அவற்றுள் 51 ஆமைகள், 2018 நவம்பரில், ‘வைல்டுலைப் எஸ்.ஓ.எஸ்.’ அமைப்பும் கருநாடக வனத்துறையும் ஒத்துழைக்க, விமானத்தில் பெங்களூருவுக்குத் திரும்பி வந்தன. ஆமை ஏற்றுமதியாகிப் பார்த்த விமான வழியில், ஆமை தாயகம் திரும்பியது. வந்தவுடன் காட்டில் விட்டுவிடவில்லை. தனிமைப்படுத்தி உடல்நலம் நோக்குவதே முதல் வேலையாயிற்று. கடத்தலில் மீட்கப்பட்ட ஆமைகளுக்குக் கேரளத்தின் சின்னாறு சரணாலயத்தில் மறுவாழ்வு மையம் ஒன்று உண்டு. உடுமலைப்பேட்டைக்கு அப்பால், மலையின் மழை மறைவுப் பக்கத்தில், முட்புதர் அடர்ந்த வறண்ட காடு அது. வேலியிட்ட திறந்த வெளியில் அங்குள்ள மண்ணுக்கும் புல்லுக்கும் வெயிலுக்கும் ஆமையைப் பழக்கி, அதன் பின்பே காட்டில் விடுவது இத்தகைய பணிகளின் முறை. நேரே விட்டால் ஆமை பழைய இடத்தைத் தேடி நெடுந்தூரம் அலையும், சாலையில் அடிபடும். தமிழகத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1976இல் தொடங்கப்பெற்ற சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளையும் ஆமைகளைப் பேணி ஆராய்வதில் நெடுநாள் பட்டறிவு உடையது.

ஆதலால் மாடித் தொட்டியில் ஆமை இருக்குமாயின் செய்யத்தக்கது, கோவில்பட்டியாயினும் வந்தவாசியாயினும், அந்தந்த ஊர் வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவிப்பதே. ‘எங்கள் வீட்டுப் பிள்ளைபோல வளர்த்தோம்’ என்று தாய்மார் கண்கலங்குவது உண்டு. அந்த அன்பைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. பிள்ளையைத் தொட்டியில் வைத்து வளர்ப்பதில்லை என்பதை மட்டும் அவர்களே எண்ணிப் பார்க்கலாம்.

அலுவலர் வரும்வரை ஓரிரு நாள் ஆனாலும் அவ்வுயிரின் துன்பத்தைக் குறைக்கலாம். நட்சத்திர ஆமையாயின் தொட்டியிலிருந்து எடுத்து, சுற்றிலும் தடுப்பிட்ட மண்தரையில் விட வேண்டும். பாதி இடத்தில் இளவெயிலும் பாதியில் நிழலும் இருக்க வேண்டும். உச்சி வெயிலில் விட்டால் ஒரு மணி நேரத்திலும் இறந்துவிடக்கூடும். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய ஆழமற்ற தட்டில், நீர் மோவாயைத் தாண்டாதபடி, கால் மணி நேரம் நிற்க வைத்தால் தானே வேண்டிய நீரைப் பருகும். நெடுநாள் வறண்ட ஆமைகள் கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, விடாமல் பருகுவதைக் காணலாம். அருகம்புல், முருங்கைக் கீரை, செம்பருத்திப் பூவும் இலையும், விதை நீக்கிய பூசணித் துண்டு போதும். சோறு, ரொட்டி, பால், எண்ணெய்ப் பண்டம் எதுவும் வேண்டா. வளைந்த அலகையும் நகத்தையும் வீட்டில் வெட்டக்கூடாது; உள்ளே குருதிக் குழாய் உண்டு. ஓட்டின் வண்ணத்தைச் சுரண்டவும் கூடாது. அதெல்லாம் கால்நடை மருத்துவரின் வேலை. வாயில் மருந்து, சத்துநீர் என்று எதையும் ஊற்ற வேண்டா. தூக்கும்போது ‘சீ’ என்று சீறினால் கோபம் என்று குழந்தைகள் பயப்படுவார்கள். தலையை உள்ளிழுக்கையில் நுரையீரல் அமுங்கி வெளியேறும் மூச்சு அது. தொட்ட கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே அடுக்களைக்குள் செல்ல வேண்டும்.

கொண்டு செல்லும்போது பை வேண்டா, தண்ணீர் வாளியும் வேண்டா. தீப்பெட்டி ஏற்றிச் செல்லும் அட்டைப்பெட்டி கோவில்பட்டியில் எந்தக் கடையிலும் கிடைக்கும். பக்கங்களில் காற்றுத் துளை இட்டு, அடியில் பழைய பருத்தித் துணி விரித்து, அதில் ஆமையை வைத்து மூடினால் இருட்டில் அமைதியாக இருக்கும். வயல் வரப்பிலோ சாலையோரத்திலோ எடுத்ததாக இருந்தால், எந்த ஊர், எந்த இடம், எந்த மாதம் என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டி விட வேண்டும். கடையில் வாங்கியதாயின் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்த ஆமை இனி எந்த மண்ணில் கால் வைக்கலாம் என்பதை முடிவு செய்வோர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.